நான்காவது வால்வு

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகுமுன் நான் மூன்று வால்வுகளைப் பூட்ட வேண்டும். முதலில் எண்ணெய். அடுத்தது பொயிலருக்குள் போகும் தண்ணீர். கடைசியாக எஞ்சினுக்குப் போகும் ஆவி. ஒன்பது வருடம் இதைத்தான் செய்தேன். கண்ணை மூடிக்கொண்டும் செய்வேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பீற்றல் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கல்முனையில் ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் எங்கள் மில் இருந்தது. சவளக்கடைப் பக்கத்து வயல் வட்டைகளிலிருந்து நெல் வரும். அதை ஆவியில் அவித்து, சிமெந்துத் தளத்தில் காயவைத்து, குற்றி அரிசியாக்குவோம். நெல்லை அவிப்பதும் பொயிலர்தான், எஞ்சினை ஓட்டுவதும் பொயிலர்தான். எஞ்சினோடு ஒரு டைனமோவும் பூட்டியிருந்தது. ஊர்க் கரண்ட் போகும் நாட்களில் எங்கள் கரண்ட்தான் பக்கத்துப் பள்ளிவாசல் வரைக்கும் போகும். ஆகவே நான் ஒரு சின்ன மின்நிலையத்தின் பொறுப்பாளன் என்று சொன்னாலும் பொய்யில்லை. அப்படி யாரிடமும் சொன்னதில்லை. ஊரில் எனக்குப் பெயர் பொயிலர்காரன்.

எழுபதுகளின் கடைசியில் எண்ணெய் விலை ஏறத் தொடங்கியது. மில் சொந்தக்காரர் ஒரு ஹாஜியார். நல்ல மனிதர்தான், ஆனால் எண்ணெய்ப் பீப்பாய் வந்து இறங்கும் நாளில் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. அந்த நேரத்தில்தான் என் மச்சான் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தார்.

மச்சான் என்றால் என் மனைவிக்கு மூத்த சகோதரர், அவளுக்குக் காக்கா. கராஜில் வேலை பழகி, அரபு நாடொன்றில் இரண்டு வருடம் இருந்தவர். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண் பெண் வீட்டில்தான் குடியிருப்பான். வீடு அவளுடைய சீதனம், அதைக் கட்டிக்கொடுப்பது அவளுடைய வாப்பாவும் காக்காமாரும். என் மனைவிக்கு வாப்பா இல்லை. நான் படுத்து எழும்பிய வீட்டின் ஒவ்வொரு கல்லும் மச்சானின் உழைப்பு. தங்கச்சிக்கு வீடு முடியும்வரை அவர் தனக்குப் பெண் பார்க்கவும் விடவில்லை. இந்த ஏற்பாட்டில் குழப்பம் என்று ஒன்று வந்தால், ஆண்தான் சாரன்களைச் சுருட்டிக்கொண்டு உம்மா வீட்டுக்கு நடக்க வேண்டும். ஊரில் அப்படி நடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மச்சான் வெளிநாட்டில் வீட்டுக் கூரைகளில் வெயிலால் தண்ணீர் சுடவைப்பதைப் பார்த்திருக்கிறார். அதை மில்லில் செய்யலாம் என்றார். பொயிலருக்குள் பச்சைத் தண்ணீர் போகிறது, அதைக் கொதிக்கவைக்க எண்ணெய் எரிகிறது. அந்தத் தண்ணீரை முதலில் வெயிலில் சுடவைத்து அனுப்பினால் அவ்வளவுக்கு எண்ணெய் மிச்சம். வெயில் இல்லாவிட்டால் பழையபடி எண்ணெய் எரியட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. இதைச் சொல்லும்போது அவர் இரண்டு கைகளையும் கோர்த்துக் காட்டுவார்.

ஹாஜியார் சம்மதித்தார். பொயிலர் அறையை ஒட்டி ஒரு தகரப் பத்தி இருந்தது, தளத்தில் வேலை செய்யும் பெண்கள் நிழலுக்கு ஒதுங்கும் இடம். அந்தப் பத்தியின் கூரைமேல் மச்சான் இரும்புக் குழாய்களைப் பரப்பிக் கறுப்பு மை பூசினார். ஒவ்வொரு குழாய்க்கும் அடியில், பிளந்த மூங்கில் மாதிரித் தகரத்தை வளைத்து, உள்பக்கத்தில் உடைந்த அலுமாரிக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டினார். வெயில் கண்ணாடியில் பட்டுக் குழாயில் விழும். உயரத்தில் ஒரு தாங்கி. தாங்கியிலிருந்து தண்ணீர் குழாய்களில் இறங்கி, சூடேறி, பொயிலர் அறைக்குள் இருந்த தொட்டியில் விழும். மேலே திரும்ப ஏறாதபடி ஒரு தடுப்பும் வைத்தார். தொட்டிக்கு வரும் வாயில் ஒரு வால்வு, பழுதுபார்க்கும்போது மட்டும் பூட்டுவதற்கு.

அதுதான் நான்காவது. என் மூன்று வால்வுகளுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

ஊரார் சும்மா இருப்பார்களா? “மச்சான்ட வெயிலடுப்பு” என்று பெயர் வைத்தார்கள். சூரியனையும் ஹாஜியார் கூலிக்கு எடுத்துவிட்டார், இனி அதற்கும் பெருநாளைக்குச் சாரன் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று தேநீர்க் கடையில் சிரித்தார்கள். மச்சானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். பங்குனி வெயிலில் முதல் நாள் தொட்டியில் விழுந்த தண்ணீரைத் தொட்டவர் யாரும் இரண்டாம் முறை தொடவில்லை. எண்ணெய் உண்மையாகவே குறைந்தது. ஹாஜியார் முகம் தெளிந்தது.

அவரும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். என்னிடம் அவர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். “எண்ணெயப் பூட்டினா நெருப்பு நிக்கும் மச்சான். வெயில் நிக்காது. நாலாவதப் பூட்டிராதீங்க.” பூட்டினால் தண்ணீர் குழாய்க்குள்ளேயே நின்று கொதிக்கும், ஆவி போக வழியிருக்காது என்றும் விளங்கப்படுத்தினார். எனக்கு விளங்கியது. பொயிலர்காரனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா என்று உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

மற்ற நாட்களில் நாங்கள் முறைவைத்துத் தொழுவோம், மில் நிற்காது. வெள்ளிக்கிழமை மட்டும் ஆண்கள் எல்லோரும் பள்ளிக்குப் போவோம், எல்லாமே நிற்கும். வெயிலடுப்பு வந்த பிறகு முதல் வெள்ளி வானம் மூடியிருந்தது. இரண்டாம் வெள்ளி மச்சான் கடைசி ஆளாக நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்தார். மூன்றாம் வெள்ளி அவர் குளித்து உடுத்துவரப் போய்விட்டார். நான் மட்டும் பொயிலர் அறையில் இருந்தேன். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பழக்கம் பொல்லாதது, பாறையிலும் கோழி சீய்க்கும் என்பார்கள். என் கை அன்று பூட்டிக்கொண்டே போனது. ஒன்று, இரண்டு, மூன்று. பக்கத்தில் இன்னொன்று இருந்தது. அதையும் பூட்டியது.

பள்ளிவாசலில் எனக்கு முன்வரிசைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. இமாமின் குத்துபாப் பிரசங்கம் தொடங்கியது. குத்துபா நடக்கும்போது பக்கத்து ஆளிடம் வாயைத் திறக்கக்கூடாது. இடையில் எழும்பிப் போகிறவன் நூறு பேருடைய தோளைத் தாண்டிப் போக வேண்டும், நூறு பேரும் பார்ப்பார்கள். நான் தலைகுனிந்து இருந்தேன். உள்ளங்கையில் ஒரு குளிர்ச்சி இருந்தது. வால்வுச் சக்கரத்தின் இரும்பு. எண்ணெய் வால்வுச் சக்கரம் வழுவழுப்பாக இருக்கும், ஒன்பது வருடம் என் கை தேய்த்தது. நான்காவது புதிது, விளிம்பு சொரசொரப்பு. அந்தச் சொரசொரப்பு என் உள்ளங்கையில் இருந்தது.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பூட்டியிருக்க மாட்டேன், பூட்டினாலும் அரை மணித்தியாலத்தில் என்ன வந்துவிடப்போகிறது, மில்லில் யாரும் இல்லை. இப்படியெல்லாம் நினைத்தேன். யாரும் இல்லை என்பது பொய். பெண்களுக்கு ஜும்ஆ கடமையில்லை. அவர்கள் பத்தியில் இருப்பார்கள். என் மனைவியும் அவர்களில் ஒருத்தி. நான் எழும்பவில்லை.

தொழுகையின் இரண்டாம் ரக்அத்தில், நெற்றியைத் தரையில் வைத்து ஸுஜூதில் இருக்கும்போது, வெளியே ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. லொறியிலிருந்து நெல் மூட்டை விழுவது போல இருந்தது. யாரும் அசையவில்லை. இமாம் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தார். பின்வரிசையில் இருந்த மச்சான் எழும்பி ஓடியதை நான் திரும்பிப் பார்த்தேன். நான் கூட்டத்துக்குள் நடந்து வந்தேன். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டேன். ஏன் தேடினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பத்தியின் ஓரத்தில், குழாய் கூரையிலிருந்து இறங்கும் மூட்டு வெடித்திருந்தது. என் சோற்றுப் பொதியை அவள் எப்போதும் அந்தத் தூணடியில்தான் வைத்துக்கொண்டு இருப்பாள், தொழுதுவிட்டு வந்ததும் நான் சாப்பிட. கொதிநீரும் ஆவியும் அவளுடைய வலது கையிலும் கழுத்தின் பக்கத்திலும் விழுந்திருந்தன. மச்சான் அவளைத் தூக்கிக்கொண்டு பாதைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவள் கத்தவில்லை. என்னைப் பார்த்தாள். நான் பொயிலர் அறைக்குள் போனேன்.

நான்காவது வால்வு திறந்து கிடந்தது.

அந்த இடத்தில் நின்றுகொண்டு நான் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். மனைவி வெந்து கிடக்கும்போது சொன்னேன். நான் பூட்டவில்லை, என் கை பூட்டவில்லை, மச்சானின் ஒட்டுவேலைதான் விட்டுக்கொடுத்திருக்கிறது. உள்ளங்கையின் சொரசொரப்பைச் சாரனில் துடைத்தேன். அதன்பிறகு வெகுகாலம் எனக்குள் ஒன்றுமே அசையவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் நாட்கணக்காக இருந்தேன். மருந்து கட்டும்போது அவள் பல்லைக் கடிப்பதைப் பார்த்தேன். அழவேண்டும் என்று தெரிந்தது, ஆனால் அழுகை வரவில்லை. ஆட்கள் என்னைப் பொறுமைசாலி என்றார்கள்.

அடுத்த கிழமை மில்லில் விசாரணை வைத்தார்கள். ஹாஜியாரும், என் மனைவியின் தாய்வழிக் குடியின் மரைக்காயரும் வந்தார்கள். மரைக்காயர் என்பவர் அந்தக் குடியின் நல்லது கெட்டதுக்குப் பள்ளிவாசலில் பொறுப்பானவர். ஒரு மாப்பிள்ளை வீட்டில் இருப்பதா, போவதா என்ற விசயமெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும். அவர் என்னிடம், பூட்டக்கூடாததை எதையாவது பூட்டினாயா என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் மச்சான் முந்திக்கொண்டார்.

“வால்வு தொறந்துதான் கெடந்த. என்ட மூட்டுத்தான் பிழ. மச்சான்ல குத்தம் ஒண்டுமில்ல.”

மரைக்காயர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அது ஓம் என்று அர்த்தமா, இல்லை என்று அர்த்தமா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மச்சானுடைய பெயர் ஊரில் கெட்டது. சிரித்துப் பேசிய அதே தேநீர்க் கடையில், தங்கச்சியையே அவித்த ஆள் என்றார்கள். அவருக்குப் பேசிவைத்திருந்த பெண் வீட்டார் பின்வாங்கினார்கள். மூன்று மாதத்தில் அவர் மறுபடியும் வெளிநாடு போனார். போகும்போது என் கையைப் பற்றி முஸாபஹா செய்து, அவளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஹாஜியார் குழாய்களைக் கழற்றி வேலிக்குக் கால்களாக நட்டார். கண்ணாடித் துண்டுகள் பல நாள் தளத்தின் மூலையில் கிடந்து மின்னின. பொயிலர் பழையபடி எண்ணெயில் ஓடியது. வெள்ளிக்கிழமைகளில் நான் மூன்று வால்வுகளைப் பூட்டினேன்.

அவளுடைய கை ஆறியது. ஆனால் முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் உணர்வு திரும்பவில்லை. அடுப்படியில் சட்டி விளிம்பில் கை பட்டுக்கொண்டே இருக்கும், அவளுக்குத் தெரியாது. தோல் தீயும் மணம் வந்த பிறகுதான் பார்ப்பாள். நான் பக்கத்தில் இருந்தால் கையைப் பிடித்து எடுத்துவிடுவேன். இரண்டு பேருக்கும் அது பழகிவிட்டது. ஒரு நாள் அவள் கையைப் பார்த்து, இது எனக்குச் சொந்தமில்லாத கை மாதிரி இரிக்கி என்றாள். எனக்கு முழு உடம்பும் அப்படித்தான் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

எண்பதுகளின் நடுவில் நாடு கெட்டுப்போயிற்று. பாதை பூட்டு, ஊரடங்கு, வட்டைக்குப் போனவர் திரும்பி வருவாரா என்ற யோசனை. மில் பாதி நாள் நின்றது. அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள் கடிதம் எழுதுவதை விட்டுவிட்டு ஒலிநாடாக் கெசட்டில் பேசி அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். ஊருக்கு வரும் யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். வீட்டார் கேட்டுவிட்டு, மறுபக்கத்தில் தாங்கள் பேசி, திரும்பிப் போகிறவரிடம் கொடுத்துவிடுவார்கள். கெசட் போட்டுக் கேட்க, பேசிப் பதிய, மச்சான் ஒரு செட்டும் அனுப்பியிருந்தார். அவருடைய கெசட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஸலாம், சுகம் விசாரிப்பு, எங்கள் பிள்ளைகளுக்குப் புத்தி, துஆ.

ஒரு நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு கெசட் வந்தது. பிள்ளைகள் குர்ஆன் ஓதப் போயிருந்தார்கள். நானும் அவளும் மட்டும் இருந்து கேட்டோம். மச்சான் வேலை மாறியிருந்தார். சுகம் விசாரித்து முடித்துவிட்டு அதைச் சொல்லத் தொடங்கினார்.

“மச்சான், இப்ப நான் ஒரு பவர் ஸ்டேசன்ல. கேஸ்லதான் ஓடுற. அதுக்குப் பக்கத்து வெறும் வெட்டையில கண்ணாடிய வரிச வரிசையா வெச்சிரிக்காங்க, பரீட்சைக்கு. பகலையில வெயில்ல தண்ணியச் சுடவெச்சிப் பொயிலருக்குக் குடுக்கிற. வெயில் தாழ்ந்தா முழுக்கக் கேஸ். நாம செஞ்சதுதான் மச்சான், கொஞ்சம் பெரிசா.”

அந்த இடத்தில் அவர் சிரித்தார். வெயிலடுப்பு என்று ஊர் கேலி செய்தபோது சிரித்த அதே சிரிப்பு.

“வெள்ளிக்கிழம எல்லாரும் பள்ளிக்குப் போயிருவாங்க. ஒராள் நிக்கணும். கண்ணாடிய வெயிலுக்கு முதுகு காட்டித் திருப்பிப்போட்டு, குழாயில தண்ணி ஓடுதா எண்டு பாத்துக்கிட்டு நிக்கணும். நான்தான் நிக்கிற. அந்த வேலய நானாக் கேட்டு எடுத்த. மார்க்கம் படிச்ச ஆலிம் ஒருத்தர்ட்டயும் கேட்டன், காவலுக்கு நிக்கிறவனுக்குக் குத்தமில்லையாம்.”

அவ்வளவுதான். மறுபடியும் பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னார், துஆ செய்தார், ஸலாம் சொன்னார். செட் டக்கென்று நின்றது. நான் எழும்பப் பார்த்தேன். அவள் செட்டைப் பார்த்தபடியே பேசினாள். குரலில் கோபம் எதுவும் இல்லை. கறிக்கு உப்புக் குறைவு என்று சொல்லுகிற குரல்தான்.

“காக்கா அண்டைக்கு ஓடிவந்து மொதல்ல வால்வத்தான் தொறந்தாரு. அதுக்குப் பொறகுதான் என்னத் தூக்கின.”

பத்தியிலிருந்து பொயிலர் அறைக் கதவு நேராகத் தெரியும் என்பது எனக்குத் தெரியாததா? அவள் தரையில் கிடந்தபடி எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். தன்னுடைய காக்கா தன்னைத் தாண்டிப் போனதை, சக்கரத்தைச் சுற்றியதை, பிறகு திரும்பி வந்ததை. ஏன் தாண்டிப் போனார் என்பதும் அவளுக்கு விளங்கியிருக்கிறது. தங்கச்சியின் வீடு உடையக்கூடாது. அந்த வீட்டைக் கட்டியவர் அவர்.

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்க சொல்லுவீங்க எண்டு இருந்தன்” என்றாள்.

அவள் கெசட்டை வெளியே எடுத்துப் பக்கம் மாற்றிப் போட்டாள். பதிவதற்கு இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்த வேண்டும். அந்தக் கையால்தான் அழுத்தினாள். பொத்தானில் விரல் பட்டதா என்று அவளுக்குக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும், ஆகவே குனிந்து விரல்களைப் பார்த்துக்கொண்டு அழுத்தினாள். செட்டை என் பக்கம் தள்ளினாள்.

“கதைங்க.”

வழக்கமாக அவள்தான் முதலில் பேசுவாள். நான் கடைசியில் ஸலாம் மட்டும் சொல்லுவேன். அன்று ஸலாம் சொல்லிவிட்டு நிறுத்தினேன். கெசட் சுற்றிக்கொண்டிருந்தது. சாரனில் உள்ளங்கையைத் துடைத்தேன். மச்சான் என்று கூப்பிட்டேன்.

“நாலாவது வால்வப் பூட்டினது நான்தான். அது ஒங்களுக்கும் தெரியும், ஒங்கட தங்கச்சிக்கும் தெரியும். தெரியாத ஒண்டு இரிக்கி. எனக்குக் குத்துபாவுக்க நெனவு வந்திட்டு. மூட்டு வெடிக்க முந்தி. எழும்பி வந்திருந்தா நேரமிருந்த. நான் எழும்பல்ல.”

அவள் தன்னுடைய வலது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மற்றக் கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். பொழுது பட்டு, பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். அதுவும் கெசட்டில் பதிந்தது. அவள் நிறுத்தவில்லை, என்னைப் பார்க்கவுமில்லை, எழும்பவுமில்லை.